ஒத்திகை ஜோர்தான்

ராயபுரம் திருநாட்டு யாத்திரைச் சபையின் நோக்கம் இதுதான்: சேசுநாதர் நடந்த மண்ணுக்கு நாற்பது பேரைக் கூட்டிப்போய், ஒருவர்கூடக் குறையாமல் திரும்பக் கூட்டிவருவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஆரம்பித்த நாள்முதல் ஒரு யாத்திரிகரைக்கூடச் சபை தொலைத்ததில்லை. யாரையும் எங்கும் கூட்டிப்போகாததால் அந்தப் பெருமைக்கு ஆபத்து வரவே இல்லை.

சபையின் தலைவர் வால்டர். துறைமுகத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைக் கோட்டு, தலையில் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டிய ஊதல், இந்த மூன்றும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. காரியதரிசி அருள்பிரகாசம், பள்ளிக்கூடத் தமிழ் வாத்தியார். நூற்றுப்பதினெட்டு யாத்திரை விதிகளை ஒரே தவக்காலத்தில் எழுதி முடித்தவர். பட்டினி கிடந்து எழுதியதாலோ என்னவோ, அதில் சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு விதியும் இல்லை.

இவர்கள் இருவரும் ஒரு நாள் காலையில் மணலில் செருப்பு புதையப் புதைய நடந்து, தேசப்பன் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தார்கள். தேசப்பன் கட்டுமரக்காரன். மூன்று கட்டையும் ஒரு துடுப்புமாக விடிகாலையில் கடலுக்குப் போய், வெயில் ஏறுமுன் திரும்பி வருகிறவன். கோட்டுப் போட்டவர்கள் தன்னைத் தேடி வந்தால் ஏதோ வில்லங்கம் என்று நினைத்துத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

வால்டர் தொண்டையைச் செருமினார். "தேசப்பா, கலிலேயாக் கடற்கரையில் நாங்கள் ஒரு போட்டோ எடுக்கப்போகிறோம். யாத்திரிகர்கள் முப்பத்தொன்பது பேர். அத்தனை பேரும் குமாஸ்தாக்கள். அப்போஸ்தலர்களில் குமாஸ்தா என்று பார்த்தால் வரிக்கணக்கு எழுதிய ஆயக்கார மத்தேயு ஒருவர்தான் தேறுகிறார். ஆகையால் முன்வரிசையில் ஒரு மீனவன் நிற்க வேண்டும் என்று சபை தீர்மானித்திருக்கிறது. நீ இலவசம்."

"நான் இன்னா பண்ணணும் ஐயா?"

"வலையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வேறொன்றும் பேச வேண்டாம்."

தேசப்பன் வீட்டுக்கு ஓடினான். அவன் மனைவி ரோஸ்மேரி அப்போது நிறைமாதம். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் கழித்து உண்டான பிள்ளை. விஷயத்தைக் கேட்டதும் அவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நேரே கோயிலுக்குப் போய், மீனவராக இருந்து அப்போஸ்தலரான அர்ச்சியசிஷ்ட இராயப்பர் பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, பிள்ளை உயிரோடு பிறந்தால் ஜோர்தான் தண்ணீரில்தான் அதற்கு ஞானஸ்நானம் என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள்.

டிசம்பரில் பெண் பிறந்தது. ஜனவரியில் யாத்திரை. "ஒரு மாசம்தானே" என்றாள் ரோஸ்மேரி. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து பார்த்தார். "ஏம்மா, எந்தத் தண்ணீராக இருந்தாலும் ஞானஸ்நானம் செல்லும். கிணற்றுத் தண்ணீர் போதும். ஞானஸ்நானம் ஆனால்தானே பேர்? பிள்ளையைப் பேரில்லாமல் வைத்திருக்காதே" என்று தலையால் அடித்துக்கொண்டார்.

"கெணத்துத் தண்ணிக்கா சாமி பதினோரு வருசம் காத்துகினு இருந்தேன்?" என்றாள் ரோஸ்மேரி. பிள்ளையும் நல்ல வஞ்சிரம் மாதிரி துள்ளிக்கொண்டு கிடந்ததால், ஒரு மாதம்தானே என்று சாமியாரும் போய்விட்டார்.

ஆனால் சபையின் முதல் விதி என்னவென்றால், ஒத்திகை இல்லாமல் யாத்திரை இல்லை.

வால்டர் அதைக் கூட்டத்தில் விளக்கினார். "புண்ணிய பூமியில் போய் நின்றுகொண்டு, இப்போது முழங்காலிடுவதா, அழுவதா என்று விழித்தால் நம் ஜில்லாவுக்கே அவமானம். எல்லாவற்றையும் இங்கேயே பழகிக்கொண்டு போனால், அங்கே போய்ச் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது!" முப்பத்தொன்பது குமாஸ்தாக்களும் கை தட்டினார்கள். தேசப்பனும் தட்டினான்.

ஒத்திகைக்கான பூகோளத்தை அருள்பிரகாசம் வகுத்திருந்தார். ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் வாசல், யாப்பா துறைமுகம். டோல்கேட், ஆயத்துறை. எருமை மேய்கிற சாத்தாங்காடு, இடையர் வயல். திருவொற்றியூருக்கு வடக்கே இருந்த மணல்மேடு, ஒலிவமலை. எண்ணூர் கழிமுகம், ஜோர்தான் நதி.

நாற்பது பேரும் வரிசையாக டோல்கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே புளியமரத்தடியில் ஒரு மேஜை. வால்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு வேறொரு தொப்பி மாட்டிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"பெயர்?" என்றார் தேசப்பனைப் பார்த்து.

"இன்னா ஐயா, என்னத் தெரியலியா? நான்தான் தேசப்பன். நேத்து கூட உங்க வூட்டுக்கு சங்கரா மீன் கொண்டாந்து குடுத்தேனே."

"நான் வால்டர் இல்லை. ஆயத்துறை அதிகாரி. எனக்கு நீ யாரென்றே தெரியாது."

தேசப்பன் ஒரு அடி பின்வாங்கினான். நேற்றுவரை நன்றாக இருந்த மனுஷர். பக்கத்தில் இருந்தவனிடம், "ஐயாவுக்கு வெயில்ல இன்னாமோ ஆயிப்போச்சுபா" என்று கிசுகிசுத்தான். அதற்காகக் காரியதரிசியின் நோட்டில் அவன் பேருக்கு ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

முப்பத்தொன்பது பேரையும் தேசப்பனையும் காரியதரிசியையும் சோதித்து முடித்த பிறகு பாக்கி இருந்தது தலைவர் ஒருவர்தான். விதிக்கு யாரும் விலக்கில்லை அல்லவா? வால்டர் எழுந்து, மேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, பழைய தொப்பியைப் போட்டுக்கொண்டு தன் கடுதாசிகளை நீட்டினார். மறுபடியும் சுற்றிப் போய், புதுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அதை வாங்கிப் படித்தார். முகம் சுருங்கியது. கையெழுத்து சரியில்லையாம். தம்மைத் தாமே ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். நாற்பது பேரும் வெயிலில் நின்று, அவர் தம்மிடம் கெஞ்சுவதையும் தாம் மறுப்பதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதிகாரி மனமிரங்கி விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஒட்டகம். திருநாட்டில் ஒட்டகத்தின் மேல் ஏறவேண்டி வரும். ராயபுரத்தில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? இதற்கும் அருள்பிரகாசம் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்: 'திமில் உள்ள பிராணி யாதாயினும் ஒத்திகையின்பொருட்டு ஒட்டகமாகவே பாவிக்கப்படும்.' திருவொற்றியூர் வண்டிக்கார பரசுராமனின் காளை அதன்படி ஒட்டகமானது.

"ஐயா, இது ஒட்டகம் இல்ல. லட்சுமணன்" என்றான் பரசுராமன்.

"இன்று ஒரு நாளைக்கு ஒட்டகம்" என்றார் காரியதரிசி.

"அதுக்கு யார் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

லட்சுமணன் நாலு குமாஸ்தாக்களைச் சாத்தாங்காட்டுச் சேற்றில் இறக்கிவிட்டது. பிறகு மணல்மேட்டில் அழுகை. தலைவர் ஊதல் ஊதியதும் எல்லோரும் மூன்று நிமிஷம் அழ வேண்டும், மறுபடி ஊதியதும் நிறுத்த வேண்டும். இது நாற்பத்திரண்டாம் விதி. ஊதல் கேட்டதும் குமாஸ்தாக்கள் ஓவென்று அழுதார்கள். முப்பது வருஷம் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அழுகைக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. தேசப்பனுக்கோ சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பின்னாலிருந்து பார்த்த அருள்பிரகாசம் மற்ற எல்லோரையும்விட அவனுக்கு அதிக மார்க் போட்டார்.

எண்ணூர் கழியில் எல்லோரும் கணுக்கால் நனைய நின்று பத்துவரை எண்ணினார்கள். ஒரு குப்பியில் அந்தத் தண்ணீரைப் பிடித்து, 'ஜோர்தான்' என்று சீட்டு ஒட்டி, அரக்கு வைத்தார்கள். சபை அலமாரிக்கு என்றார் வால்டர். பிற்காலத்தில் அசல் ஜோர்தான் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம்.

எல்லாம் முடிந்து வாய்மொழிப் பரீட்சை. தேசப்பனின் முறை வந்தது.

"அர்ச்சியசிஷ்ட இராயப்பர் எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டார் அருள்பிரகாசம்.

தேசப்பனுக்கு ஒரே சந்தோஷம். இம்மாம் சுளுவான கேள்வியா? "இராயப்பர் நம்ம ஊர்க்காரருங்க. இராயபுரம்."

வால்டரின் வாயிலிருந்து ஊதல் தானாக நழுவியது. "பெத்சாயிதா!" என்று அலறினார். "இராயப்பர் கலிலேயாவில் இருக்கிற பெத்சாயிதா ஊர்க்காரர்!"

"அப்ப இராயபுரத்துக்கு யாருங்க பேரு வச்சது? அவரும் மீன் புடிக்கிறவர்தானே? இங்கதான் எதுனாச்சும் ஒரு சந்துல இருந்துகினு இருந்திருப்பாரு" என்றான் தேசப்பன். அவன் பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான். குப்பத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விதிப்படி, மந்தையில் ஒரு ஆடு தவறினால் மந்தை முழுவதும் தவறியதாகும். யாத்திரை ஒரு வருஷம் தள்ளிவைக்கப்பட்டது. தேசப்பன் தினம் நூறு முறை 'பெத்சாயிதா' என்று சொல்லிப் பழக வேண்டும் என்று தண்டனை.

"பெத்த பொண்ணுக்கே பேரில்ல. இவருக்கு பெத்சாயிதாவாம்" என்று ரோஸ்மேரி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆனாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான். அவள் அசையவில்லை.

அடுத்த வருஷம் தேசப்பன் பெத்சாயிதாவைத் தட்டுத்தடுமாறாமல் சொல்லிவிட்டான். ஆனால் அருள்பிரகாசம் மணல்மேட்டில் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்த மூன்று நிமிஷத்தில், லட்சுமணன் விதிப் புஸ்தகத்தின் இரண்டாம் பாகத்தைத் தின்றுவிட்டது. ஐம்பத்தொன்பது முதல் நூற்றுப்பதினெட்டு வரை போயிற்று. விதியில்லாமல் யாத்திரை போக முடியுமா? திரும்ப எழுதும் சாக்கில் காரியதரிசி அவற்றை இருநூற்று நாற்பது ஆக்கினார். அதை நாற்பது பேரும் மனப்பாடம் செய்ய இன்னொரு வருஷம் ஓடிப்போனது.

இதற்குள் குழந்தை நடந்தது, ஓடியது, பேச ஆரம்பித்தது. குழாயடியில் தினம் யாராவது ரோஸ்மேரியைக் கேட்பார்கள்: "இன்னாமே, கொய்ந்தைக்கு பேரு வச்சாச்சா?"

"ஒத்திகை முடியட்டும்."

"ஒத்திகை எப்பமே முடியும்?"

"ஒத்திகை அடுத்த மாசம்."

இடுப்பில் இருந்த குழந்தை இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தது. தன்னைப் பார்த்தவுடன் எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான் என்பதை அது கவனித்தது. யாராவது 'ஒத்திகை' என்றால் உடனே "ம்" என்று திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. தேசப்பன் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையில் சிக்கெடுப்பான். ஊரில் ஒவ்வொரு நாய்க்கும் பேர் இருக்கிறது. தன் மகளுக்கு இல்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம் ஜனவரியில், கப்பல் ஏறும் ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். கொழும்பு, போர்ட் செயித் வழியாக யாப்பா பக்கம் போகிற ஒரு சரக்குக் கப்பலின் கப்பித்தானிடம் வால்டர் அனுமதி வாங்கியிருந்தார். நாற்பது பேரும் மூட்டை முடிச்சோடு ஏணிப்படி ஏறி மேல்தளத்தில் வரிசையாக நின்றார்கள். அந்தக் கப்பலில் சமையற்காரர் தேசப்பனின் சிநேகிதர் ரஷீது பாய். வெங்காயம் உரித்த கையோடு வெளியே வந்து பார்த்தார்.

"அரே தேசப்பா! நீயும் வந்துகினு கீறியா? சபாஷ்! நல்ல ரசம் வச்சுக் குடுக்கறேன் வா."

தேசப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். கப்பல் இருக்கிறது. நாற்பது பேரும் அதற்குள் இருக்கிறார்கள். கப்பல் போகிற ஊரும் அதே திசையில்தான் இருக்கிறது. மெதுவாக வால்டரிடம் போனான்.

"ஐயா, நாம கப்பல்லதான் கீறோம். அதுவும் இப்ப கெளம்பப் போவுது. இப்டியே பூடலாமே?"

வால்டரின் முகம் சுண்ணாம்பானது. பக்கத்திலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. "ஒத்திகைக்கு வந்த இடத்தில் யாத்திரை போவதா? ஒழுங்கு என்று ஒன்று வேண்டாமா?" என்று சொல்லி, நடுங்கும் உதட்டில் ஊதலை வைத்து ஊதினார். "இறங்கு!"

நாற்பது பேரும் வரிசை குலையாமல் இறங்கினார்கள். அடுத்து வழியனுப்பும் ஒத்திகை. நாற்பது பேரும் தங்களைத் தாங்களே வழியனுப்பக் கரையில் நின்று கைக்குட்டை ஆட்டினார்கள். சங்கு ஊதி, கப்பல் நிஜமாகவே நகர்ந்தது. தேசப்பனுக்கு அப்போது என்ன தோன்றியதோ, மடியில் வைத்திருந்த காலிச் சர்பத் குப்பியை எடுத்து, வலை வீசுகிற கையால் ஒரே வீச்சில் மேல்தளத்துக்கு எறிந்தான்.

"ரஷீது பாய்! ஒரு குப்பி ஜோர்தான் தண்ணி! எம் பொண்ணுக்கு!"

ரஷீது பாய் அதை ஏப்ரனில் பிடித்தார்.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அதே குப்பி. உள்ளே கழுத்துவரை சற்றுக் கலங்கலான தண்ணீர்.

"யாப்பால மிஷின் கெட்டுப்போயி ஆறு நாளு நின்னுட்டோம். காலைல பஸ் ஏறினேன், சாயங்காலம் திரும்பிட்டேன்" என்றார்.

"பஸ்ஸா?" என்றான் தேசப்பன்.

"ஆமா. பஸ் போவுது. சின்ன ஆறுதான்பா. நம்ம கால்வா அகலம்கூட கெடையாது. ஆனா எறங்கி மொண்டப்ப கையெல்லாம் சிலுத்துகிச்சு. உன் பொண்ண நெனச்சுகினேன்."

ரோஸ்மேரி குப்பியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அழுதாள். ஊதல் இல்லாமலே அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "யோவ், இத்த எடுத்துகினு போயி சபையில ஒரு சீலு போட்டுகினு வா. நாளைக்கு ஒரு நாய் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசக் கூடாது. அப்புறம் நேரா கோயிலுதான்."

தேசப்பனும் ரஷீது பாயும் சபைக்குப் போனார்கள். நிர்வாகக் கமிட்டி ஏழு பேரும் கூடியிருந்தார்கள். அசல் ஜோர்தான் தண்ணீர் வந்திருக்கிறது என்றதும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அருள்பிரகாசம் அலமாரியைத் திறந்து எண்ணூர்க் குப்பியை எடுத்து அரக்கை உடைத்தார். ஒப்பிட்டுப் பார்க்காமல் முத்திரை வைப்பதற்கில்லை.

முதலில் தலைவர் எண்ணூர்த் தண்ணீரில் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. அந்தக் கரிப்புப் போக அசலில் ஒரு வாய் கொப்பளித்தார். கொப்பளித்ததில் ருசி தெரியவில்லை என்று மறுபடி ஒரு வாய் குடித்தார். அடுத்து காரியதரிசி. அடுத்து கமிட்டி அங்கத்தினர்கள் ஒவ்வொருவராக, இதில் ஒரு மடக்கு, அதில் இரண்டு மடக்கு. ஒருவர் சந்தேகம் தீரவில்லை என்று இரண்டாம் தடவையும் வந்தார். தேசப்பனின் கண் குப்பியை விட்டு நகரவில்லை. கழுத்துவரை இருந்த தண்ணீர் தோளுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது, அடிக்கு வந்துவிட்டது.

"ஐயா... ஐயா, கொய்ந்தைக்கு வோணும் ஐயா" என்று மிச்சத்தோடு குப்பியை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

வால்டர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "சபையின் ஜோர்தான் உப்புக் கரிக்கிறது. இது கரிக்கவில்லை. ஆகையால் இது ஜோர்தான் இல்லை."

"இன்னா சார் பேசறீங்க?" என்று ரஷீது பாய் முன்னால் வந்தார். "ஆத்துத் தண்ணி எங்கனா உப்புக் கரிக்குமா? நான் எறங்கி என் கையால மொண்டுகினு வந்தது!"

அருள்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நீர் எத்தனை ஒத்திகையில் கலந்துகொண்டீர்?"

"ஒண்ணும் இல்ல. நேரா போனேன்."

"ஒத்திகை இல்லாமல் போனவர் போனவராகக் கருதப்பட மாட்டார். இருநூற்று ஆறாம் விதி."

"அட, நீங்கதான் போய்ப் பாருங்களேன்! எங்க கப்பலு இன்னும் பத்து நாள்ல கெளம்புது. கப்பித்தான்கிட்ட நான் சொல்றேன். நாப்பது பேரு என்ன, அம்பது பேருக்கு எடம் கீது!"

மற்ற ஆறு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். வால்டர் மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சகோதரர்களே, முப்பத்தொரு வருஷம் நான் துறைமுகத்தில் கப்பல்களைப் பார்த்தவன். ஒன்றில்கூட ஏறியவனில்லை. ஏன்? கப்பல் எதன்மேல் நிற்கிறது? தண்ணீர்மேல். தண்ணீருக்குக் கீழே? இன்னும் தண்ணீர். இப்படிப்பட்ட ஏற்பாட்டை நம்பி நாற்பது ஆத்துமாக்களை ஒப்படைப்பது எந்த விதியில் இருக்கிறது?" அவர் குரல் உயர்ந்தது. "மேலும் யோசித்துப் பாருங்கள். நாம் இருப்பது எந்த ஊர்? இராயபுரம்! இராயப்பரின் ஊர்! இராயப்பரின் ஊரிலிருந்து கிளம்பி, இராயப்பரின் ஊரைத் தேடிப் போவது அறிவுடைமையா? நாம் புறப்படுவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிட்டோம் என்று தீர்மானிக்கிறேன்!"

ஆறு பேரும் கை தட்டினார்கள். தேசப்பன் தட்டவில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஐயா, இதத்தானே ஐயா நான் சொன்னேன்? இதுக்குத்தானே என்ன ஃபெயிலாக்கி, நாப்பது பேரையும் நிறுத்தினீங்க?"

"அப்போது அது தவறு. இப்போது அது தீர்மானம்" என்றார் வால்டர்.

"அந்தக் குப்பியை இப்படிக் கொடு. போலி என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்க வேண்டும்" என்று அருள்பிரகாசம் கையை நீட்டினார்.

மூன்றரை வருஷமாக 'ஐயா' என்ற வார்த்தைக்கு மேல் அந்த அறையில் எதையும் உரக்கச் சொல்லாத தேசப்பன், அன்று குப்பியின் வாயைக் கட்டைவிரலால் இறுக்கி மூடிக்கொண்டான்.

"மூணு கட்டைய கட்டிகினு நான் தெனம் போறேன் ஐயா, அந்தத் தண்ணிமேல. கீழ இன்னா கீதுன்னு ஒரு நாளும் குனிஞ்சு பார்த்ததில்ல. பார்த்தா கஞ்சி ஏது? பயமா கீதுன்னு மொத நாளே சொல்லியிருந்தா, அட நம்ம ஐயாதானேன்னு விட்டிருப்பேன். எம் பொண்ண பேரில்லாம நிக்க வச்சுட்டியே ஐயா, பேஜாரு புடிச்ச ஊதல ஊதிகினு!"

சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான். ரஷீது பாய் அவன் தோளில் கை போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கோயிலில் ரோஸ்மேரி குப்பியைச் சாமியாரிடம் நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற பாலாடைக்குக்கூடத் தேறாது.

"இவ்வளவுதானா?"

"அம்மாம்தான் சாமி. மீதிய சபை குடிச்சிடிச்சி. நான் ஜோர்தான் தண்ணின்னுதான் நேந்துகினேன், எம்மாம்னு நேந்துக்கல" என்றாள் ரோஸ்மேரி.

சாமியார் சிரித்துவிட்டு, அந்தச் சொட்டை ஞானஸ்நானத் தொட்டியில் இருந்த தண்ணீரோடு கலந்தார். பிள்ளைக்காகப் பதில் சொல்ல ஞானத்தகப்பனாகப் பக்கத்து வீட்டு சவரிமுத்து நின்றான். ரஷீது பாயும் வண்டிக்கார பரசுராமனும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

"பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டார் சாமியார்.

தேசப்பனும் ரோஸ்மேரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு அலைந்த அலைச்சலில் பேரை யோசிக்கவே இல்லை. அதற்குள் குழந்தையே பளிச்சென்று சொல்லிவிட்டது.

"ஒத்திகை!"

"அந்தப் பேரில் அர்ச்சியசிஷ்டவர் யாரும் இல்லையே அம்மா."

"எம் பேரு ஒத்திகை" என்றது குழந்தை, கண்ணில் தண்ணீர் முட்ட. மூன்றரை வருஷமாகத் தன்னுடையது என்று நினைத்திருந்த ஒன்றைப் பிடுங்கப் பார்க்கிறார்களே என்று அதற்கு ஆத்திரம். சாமியார் பெருமூச்சு விட்டு, மரிய ஒத்திகை என்று எழுதிக்கொண்டார். பிறகு சடங்கின்படி ஒரு கல் உப்பை எடுத்து அதன் நாக்கில் வைத்தார்.

அந்த நேரம் பார்த்து வெளியே ஊதல் சத்தம். வந்து சேர்ந்துவிட்ட யாத்திரிகர்கள் முப்பத்தொன்பது பேரும், புதுத் தீர்மானத்தின்படி கோயிலைச் சுற்றி முதல் யாத்திரையைத் தொடங்கிவிட்டார்கள். மூன்று நிமிஷ அழுகை ஓவென்று கிளம்பியது.

சாமியார் குரலை உயர்த்திக் கேட்டார். "பசாசை விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்" என்றான் சவரிமுத்து.

"அதன் கிரியைகளையெல்லாம் விட்டுவிடுகிறாயா?"

"விட்டுவிடுகிறேன்."

"அதன் வீண் ஆடம்பரங்களையெல்லாம் விட்டுவிடுகிறாயா?"

சவரிமுத்து வாயைத் திறப்பதற்குள் தேசப்பன் முந்திக்கொண்டான். "அத்த காலையிலயே விட்டுட்டேன் சாமி!"

சாமியார் கண்டுகொள்ளாமல் தண்ணீரை மொண்டு மூன்று முறை குழந்தையின் தலையில் ஊற்றினார். அது நெற்றியில் வழிந்து, மூக்கில் வழிந்து, வாயில் வந்து சேர்ந்தது. குழந்தை நாக்கை நீட்டி நக்கிப் பார்த்தது. நாக்கில் உப்புக் கல் இன்னும் கரையாமல் இருந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்பனைப் பார்த்தது.

"நைனா, தண்ணி உப்புக் கரிக்குது!"

தேசப்பன் ஒரு கணம் திகைத்தான். அப்புறம் மகளை அப்படியே ஈரத்தோடு வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். வெளியே வால்டர் கடிகாரத்தைப் பார்த்தபடி ஊதலை உதட்டில் வைத்திருந்தார்.

"ஐயா! வால்டர் ஐயா!" என்று கத்தினான் தேசப்பன். "கரிக்குதாம் ஐயா! அசல் ஜோர்தான்தான்!"